பூஜ்யம் காட்டிய மீட்டர்

தையல் ஆலையின் பழுது பார்க்கும் அறையில் வேலை செய்தவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் முதலில் சேர்ந்தது காலர் தைக்கும் வரிசையில். அப்போது தையல் இயந்திரம் என்றால் ஊசி, பெல்ட், மோட்டார், அவ்வளவுதான். பிறகு மேசைக்கு அடியில் ஒரு பெட்டியும், பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டும் வைத்த இயந்திரங்கள் வந்து இறங்கின. எண்ணெயும் ஸ்பேனருமாகவே காலம் தள்ளிய மெக்கானிக்குக்கு அந்தப் போர்டைக் கண்டாலே கை உதறியது. "எறும்புப் புத்து மாதிரி இருக்கு. இதுல எங்கன்னு கை வைக்கிறது?" என்று தலையைச் சொறிவார். போர்டு கெட்டால் வெளியே அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை அந்த இயந்திரத்தில் தைப்பவள் சும்மா உட்கார வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் வாய்க்கு வந்த கதையெல்லாம் பேசுவார்கள். இவள் மட்டும் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்து ஆசை பிடித்துப்போய், விடுமுறை நாட்களில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். பிறகு மேனேஜரை நச்சரித்து, காலி நூல்கண்டுகளை அடைத்து வைத்திருந்த மூலை அறையைக் கேட்டு வாங்கி, ஒரு மேசையைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த அறை அவள் ராஜ்யம்.

ராஜ்யத்தில் சட்டம் கொஞ்சம் கடுமை. எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேசைமேல் வைக்க வேண்டும். பிறகு குண்டு பல்பு. ஹோல்டரில் மாட்டி இரண்டு ஒயர் நீட்டிவிட்ட சாதாரண பல்புதான். போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அந்த ஒயர்களை வைத்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பதுங்கியிருக்கும் மின்சாரம் பல்பில் ஒரு தடவை மின்னி வடிந்துவிடும். அப்புறம் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒன்றும் மிச்சமில்லை என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மீட்டரின் திருகை, மின்தடையை அளக்கும் ஓம்ஸுக்குத் திருப்பலாம். ஓம்ஸில் இருக்கும் மீட்டரை மின்சாரம் உள்ள இடத்தில் வைத்தால் மீட்டரும் போகும், போர்டும் போகும், கை இருக்கிற இடத்தைப் பொறுத்து ஆளும் போகலாம். அவள் இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை. வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் கையால் ஒரு போர்டு செத்தது என்று யாரும் சொன்னதில்லை. அது அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை.

அந்தப் பெருமையில் கல் விழுந்தது கொழுந்தனின் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

வீட்டில் இரண்டு மருமகள்கள். கீழ்த்தளத்தில் மாமியாரோடு மீட்டரக்கா. அவள் புருஷன் சரக்கு லாரி ஓட்டுபவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மாடியில் கொழுந்தனும் அவன் புதுப்பெண்டாட்டியும். அவளை எல்லோரும் சின்னவள் என்றார்கள். சின்னவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்திருக்கிறாள். ஒல்லியாக, கலகலவென்று, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே மாடிப்படி இறங்குவாள்.

"அவளும் உன்ன மாதிரி கரண்டு படிச்சவதானே? வீட்ல சும்மா இருக்கா. உன்கூடச் சேத்துக்கோயேன்" என்றார் மாமியார்.

மீட்டரக்கா யோசிக்கவேயில்லை. வேலை அதிகம், கூட ஒரு கை இருந்தால் நல்லது என்று மேனேஜரிடம் தானே போய்ச் சொன்னாள். "எங்க வீட்டுப் பொண்ணுதான் சார். நான் பாத்துக்கறேன்." பின்னாட்களில் அந்த வார்த்தைகளை நினைக்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே கிள்ள வேண்டும்போல் இருக்கும் அவளுக்கு.

சின்னவள் வந்தாள். எதிர்ச்சுவர் ஓரமாக இன்னொரு மேசை போடப்பட்டது.

மேசைக்குப் பக்கத்து அலமாரியில் முள் ஆடிக் காட்டும் பழைய ஊசி மீட்டர் ஒன்று கிடந்தது. அதை ஓம்ஸில் வைத்தால் உள்ளே இருக்கும் பாட்டரி தள்ளுகிற மின்சாரம் கொஞ்சம் முரடு. மோட்டார் சுருளுக்குச் சரி. போர்டில் உள்ள சின்ன டிரான்சிஸ்டர், சிப் எல்லாம் அந்த அடியைத் தாங்காது. வகுப்பில் படித்த காலத்தில் இது தெரியாமல் ஒரு டிரான்சிஸ்டரைச் சாகடித்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் மீட்டரக்கா. சின்னவள் அந்த ஊசி மீட்டரைக் கையில் எடுத்தபோது மீட்டரக்கா வாயைத் திறக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். எடுத்துப் போர்டில் வைக்கட்டுமே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன ஆசை. சின்னவள் அதைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, பாட்டரியைப் பார்த்தாள்.

"இது போர்டுக்கு ஆகாது, இல்லக்கா? சுருளுக்குத்தான்."

"ஆமா" என்றாள் மீட்டரக்கா. நாக்கில் கசந்தது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் கசப்புதான். போர்டில் இருக்கும்போது எந்தப் பொருளும் உண்மை பேசாது என்பது மீட்டரக்காவின் கட்சி. பக்கத்தில் இருப்பதன் வழியாகவும் மின்சாரம் ஓடி, மீட்டரை ஏமாற்றும். அதனால் சந்தேகப்பட்ட பொருளின் ஒரு காலை ஈயத்தை உருக்கித் தூக்கிவிட்டு, அளந்து, திரும்ப ஒட்டுவாள். சின்னவள் காலையே தூக்குவதில்லை. அதே மாதிரி நல்ல போர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு தொடல், அங்கே ஒரு தொடல் என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே போவாள். எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே நின்றுவிடுவாள். "இங்கதான் சார் ஒளிஞ்சிட்டிருக்காரு" என்று சிரிப்பாள். மீட்டரக்கா ஒரு போர்டை முடித்து நிமிர்வதற்குள் அவள் அடுத்த பெட்டிக்குத் திருகாணி கழற்றிக்கொண்டிருப்பாள்.

இன்னொரு வேலையும் செய்தாள். சூடு காட்டினால் சுருங்குகிற ரப்பர் குழாயைத் துண்டாக வெட்டி, மீட்டர் கம்பிகளின் முனையில் போட்டுச் சுருக்கிவிட்டாள். ஊசி நுனியளவு உலோகம்தான் வெளியே தெரிந்தது. நெருக்கமாக இருக்கும் சிப்பின் கால்களைத் தொடும்போது கை வழுக்கினாலும் இரண்டு கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. மேனேஜர் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார். "அட, எவ்வளவு சின்ன விஷயம்! இத்தனை நாளா நமக்குத் தோணலையே!" என்றார். 'நமக்கு' என்றபோது அவர் கண் மீட்டரக்கா பக்கம் வந்துபோனது.

அன்று மீட்டரக்கா வீட்டுக்குப் போய், தன்னிடம் இருந்த பழைய கம்பிகளில் அதே மாதிரி குழாய் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகத்தால் கீறி, உரித்து, குப்பையில் போட்டுவிட்டாள். சின்னவளைப் பார்த்துச் செய்தாள் என்று பேர் வாங்குவதைவிடக் கை வழுக்கினால் வழுக்கட்டும் என்று இருந்தது.

மெக்கானிக்கும் கட்சி மாறினார். முன்பெல்லாம் கெட்டுப்போன பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் மீட்டரக்காவின் மேசையில் வைத்துவிட்டு, டீ குடித்தபடி பெரிய மகளின் பரீட்சையிலிருந்து தன் மூட்டுவலி வரை எல்லாம் சொல்வார். இப்போது அறைக்குள் நுழைந்ததும் கால் தானாக எதிர்மேசைக்குத் திரும்பியது. டீ டம்ளரும் அங்கேதான். மூட்டுவலியும் அங்கேதான். வீட்டிலும் அதே கதை. டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் மாமியார் கீழே இருக்கும் மருமகளைத் தாண்டி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நான் இங்கதானே இருக்கேன் அத்தை?"

"உனக்கு எதுக்கும்மா சிரமம், நீ மெதுவா அதக் கழட்டி இதக் கழட்டிப் பாப்பே. சின்னவளா இருந்தா தொட்டதும் சொல்லிடுவா."

மீட்டரக்கா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். கேட்க யாரும் வரவில்லை.

இத்தனைக்கும் சின்னவள் ஒரு வார்த்தைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் பெரிய கொடுமை. திமிராகப் பேசியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்றாள். மீட்டரக்கா வேலையில் மூழ்கியிருந்தால் அவள் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். கோபப்பட ஒரு காரணமும் கொடுக்காதவளை என்ன செய்வது? உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒருநாள் ஆலையின் பெரிய துணி வெட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. தையல் இயந்திரமாவது வரிசை வரிசையாக இருக்கிறது. இது ஒன்றே ஒன்று. இது வெட்டிக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குத் தைக்கத் துணி. மேனேஜரே போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தார். அறையில் மீட்டரக்கா மட்டும் இருந்தாள்.

"சின்னவ எங்க?"

"சாப்பிடப் போயிருக்கா. ஏன் சார், நான் ஆளாத் தெரியலையா?"

"அய்யோ, அதுக்கில்லம்மா..." அவர் போர்டை மேசையில் வைத்தார். "அவ வந்துடட்டும். ரெண்டு பேருமாச் சேந்து பாருங்க."

அவர் போனதும் மீட்டரக்கா தன் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். அவள் வந்துடட்டுமாம்! வருவதற்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று போர்டை இழுத்து முன்னால் வைத்தாள்.

குண்டு பல்பு எதிர்மேசையில் இருந்தது. காலையில் சின்னவள் எடுத்திருந்தாள். எழுந்து போய் எடுக்க வேண்டும். அந்த மேசையிலிருந்து ஒரு பொருளை எடுப்பதே அன்று அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இயந்திரம் நின்று வெகுநேரம் ஆகிறது, உள்ளே இருந்ததெல்லாம் தானாக வடிந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மீட்டர் காலையில் விட்ட இடத்தில், ஓம்ஸிலேயே இருந்தது. அதையும் திருப்பவில்லை.

அந்தப் போர்டில் மின்சாரத்தை மெதுவாக வடிப்பதற்கென்றே வைத்திருந்த ரெசிஸ்டர்தான் அறுந்துபோயிருந்தது. அது பிறகு தெரிந்தது. மீட்டர் முனைகள் கெப்பாசிட்டரின் கால்களில் பட்டதும் 'பட்'டென்று நீலமாக ஒரு வெடிப்பு. அவள் துள்ளினாள். துள்ளிய கையில் இருந்த முனை வழுக்கிப் பக்கத்தில் இருந்த சிப்பின் கால்களுக்கு நடுவே விழுந்தது. இன்னொரு சின்னச் சத்தம், கருகல் வாடை. அவ்வளவுதான்.

விரலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் மரத்திருந்தது. சிப்பின் முதுகில் கடுகளவு பள்ளம் விழுந்திருந்தது. மீட்டரைப் பார்த்தாள். திரை உயிரோடுதான் இருந்தது. வோல்ட்டுக்குத் திருப்பி, மேசையில் கிடந்த புதுப் பாட்டரியில் வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். மறுபடி வைத்தாள். பூஜ்யம். வெளியே எல்லாம் சரியாகத் தெரிகிற மீட்டர் உள்ளே செத்துப்போயிருந்தது.

வேறு யாராவது செய்திருந்தால் இனி யாரும் தெரியாமல் எடுத்துவிடாதபடி அந்த இடத்திலேயே மீட்டரின் கம்பிகளைப் பிடுங்கிப் போடச் சொல்லியிருப்பாள். இப்போது அந்த நினைப்பே வரவில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் முதலில் வந்தது. போர்டைக் குப்புறப் போட்டு ஒரு துணியால் மூடினாள். மீட்டரை எப்போதும் இருக்கும் இடத்திலேயே வைத்தாள். குழாயடிக்குப் போய் முகத்தையும் கையையும் கழுவினாள். கழுவக் கழுவக் கருகல் வாடை போகாத மாதிரியே இருந்தது.

திரும்பி வந்தபோது அறைக்குள் முணுமுணுப்புப் பாட்டு கேட்டது. சின்னவள் வந்துவிட்டாள். மெக்கானிக் ஒரு தையல் இயந்திரத்தின் பெட்டியை அப்போதுதான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சற்று முன்புவரை ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து கழற்றிய பெட்டி; உள்ளே மின்சாரம் இன்னும் வடிந்திருக்காது. சின்னவள் மூடியைத் திறந்து, கையை நீட்டி, மீட்டரக்காவின் மேசையிலிருந்த மீட்டரை எடுத்தாள். வோல்ட்டில் வைத்தாள். கெப்பாசிட்டரில் தொட்டாள்.

"பூஜ்யம். காலி" என்றாள் தனக்குத் தானே. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, போர்டை வெளியே எடுப்பதற்காக இரண்டு கையையும் பெட்டிக்குள் கொண்டுபோனாள்.

மீட்டரக்கா வாசலில் நின்றாள்.

சாகட்டும் என்று நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். ஒரே ஒரு தடவை இவளும் துள்ளட்டும் என்றுதான் நினைத்தாள். தொட்டதும் சொல்லிவிடுகிறவள், சிரித்துக்கொண்டே எல்லாம் செய்கிறவள், ஒரு தடவை அலறட்டும். அந்த அலறலை மேனேஜர் கேட்கட்டும், மெக்கானிக் கேட்கட்டும், வீட்டில் மாமியார் கேட்கட்டும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் இவ்வளவும் நினைத்து முடித்துவிட்டாள்.

"தொடாதே! கைய எடுடீ!"

அந்தக் கத்தலில் சின்னவள் நாற்காலியோடு பின்னால் போனாள். மீட்டரக்கா பாய்ந்து வந்து எதிர்மேசையில் இருந்த குண்டு பல்பை எடுத்தாள். ஒயர்களைக் கெப்பாசிட்டரில் வைத்தாள். பல்பு பளீரென்று மின்னி, மெல்ல மங்கி அணைந்தது.

இரண்டு பேரும் அணைந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மீட்டர் பூஜ்யம்னு காட்டுச்சே அக்கா?"

"அது செத்துப்போச்சு." மீட்டரக்கா துணியை விலக்கிப் போர்டைத் திருப்பிக் காட்டினாள். "நான்தான் சாகடிச்சேன். இதையும் சேத்து."

சின்னவள் போர்டைப் பார்க்கவில்லை. "உங்க கையக் காட்டுங்க" என்று பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். கருகல் வாடை அறையில் இன்னும் இருந்தது. அவர் மேசையைப் பார்த்தார். சிப்பின் பள்ளத்தைப் பார்த்தார். முகம் சிறுத்தது.

"யாரு வேல இது?"

மீட்டரக்கா வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "நான்தான் சார். அவசரப்பட்டுட்டேன். மீட்டர் முனை வழுக்கிடுச்சு."

இனி வானம் இடிந்து விழும் என்று மீட்டரக்கா காத்திருந்தாள். போன வருஷம் இதே மேனேஜர், அவள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொலைத்ததற்கு ஒரு வாரம் முழுக்கக் குத்திக் காட்டினார். ஆனால் இப்போது அவர் சின்னவளைப் பார்த்துக் கேட்டது இதுதான்:

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? போ, முதல்ல போய்த் தண்ணி குடி. யாருக்கும் நடக்கிறதுதானே இது. வேற சிப் கிடைக்குமான்னு பாக்கலாம்."

போய்விட்டார். அவ்வளவுதான்.

மீட்டரக்காவுக்குக் காதிலிருந்து புகை வராத குறை. செய்தது அவள். கருகியது அவள் கையால். அந்தத் தப்புக்குக் கிடைத்த மன்னிப்பு மட்டும் எதிர்மேசைக்குப் போய்விட்டது! இதே தப்பைத் தன் பேரில் சொல்லியிருந்தால் அவர் இப்படிப் பேசியிருப்பாரா? தண்ணி குடி என்று சொல்லியிருப்பாரா? நல்ல பேரைத்தான் எடுத்துக்கொண்டாள் என்றால் கெட்ட பேரையும் எடுத்து அதையும் நல்ல பேராக மாற்றிக்கொள்கிறாளே!

அவள் விறுவிறுவென்று வெளியே போனாள். வெட்டும் கூடத்தில், வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே மேனேஜரைப் பிடித்தாள்.

"சார், அது நான் பண்ணினது. அவ இல்ல."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "புரியுதும்மா."

"என்ன புரியுது? நான்தான் சார் ஓம்ஸ்ல வெச்சுத் தொட்டேன். பல்பு கூட வெக்கல."

"நீங்களா? பல்பு வெக்காம நீங்க ஒரு போர்டத் தொடுவீங்களா? கேக்கிறவன் கேனையனா இருந்தாத்தான் நம்புவான்." அவர் பக்கத்தில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்து, "பாருங்கய்யா, சின்னவளக் காப்பாத்த எப்படி வந்து நிக்கிறாங்கன்னு. மூத்தவங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார். மெக்கானிக் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். நாலைந்து பேர் நல்லபடியாகச் சிரித்தார்கள்.

சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேரே இப்போது வாயை அடைத்தது.

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மெக்கானிக்கின் மனைவி வழியில் மாமியாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். மீட்டரக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் காபி டம்ளரோடு வந்து நின்றார். அவர் தன் கையால் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தது எப்போது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

"சின்னவ தப்ப உன் தலைமேல போட்டுக்கிட்டியாமே? உனக்கு அவளப் பிடிக்காதோன்னு நான்கூட நெனச்சிருந்தேன். பெரிய மனசும்மா உனக்கு."

மீட்டரக்கா காபியை வாங்கிக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்தப் பாராட்டு தொண்டையிலேயே நின்றது. கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வழக்கம்போலச் சேர்ந்து ஆலைக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பியதும் மீட்டரக்கா நின்றுவிட்டாள்.

"யாரக் கேட்டு நீ பொய் சொன்னே?"

"அவரு உங்களத் திட்டியிருப்பாரு அக்கா."

"திட்டட்டும்! எனக்கு வர வேண்டிய திட்டு அது. நீ எனக்குப் பாவம் பாக்க வேண்டாம். உன் பாவம் எனக்கு ஆகாது." அவளுக்கு மூச்சு வாங்கியது. சொல்லவே கூடாது என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்ததும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. "நான் உன்னை உடனே கூப்பிடல. தெரியுமா உனக்கு? வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன்."

சின்னவள் தெருவைப் பார்த்தாள். "தெரியும். உங்க செருப்புச் சத்தம் வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் கத்தினீங்க."

"தெரிஞ்சுமா...?"

"கத்தினீங்கல்ல."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. சின்னவளுக்குச் சிரிப்பு இல்லை. பாட்டும் இல்லை. முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் தெரிந்தது. மீட்டரக்காவுக்கு அதைப் பார்க்க, ஏனோ, மூச்சு லேசானது.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றாள் சின்னவள். "என் மீட்டர் என் மேசையிலேயே இருந்துச்சு. உங்களோடத எடுத்தேன். மெக்கானிக் அண்ணன் பெட்டிய வெச்சிட்டுப் போறப்போ சொன்னாரு, நான் சொல்றத மறுபடி ஒரு தடவ மீட்டரக்கா மீட்டர்ல பாத்துட்டாத்தான் அவருக்கு நிம்மதியாம். ஒவ்வொரு தடவையும் சொல்வாரு. எனக்கு எரிச்சலா வரும். அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு எடுத்தேன்."

மெக்கானிக் அப்படிச் சொல்லியிருக்கிறாரா! மீட்டரக்கா மறுபடி நடக்க ஆரம்பித்தாள். நடை கொஞ்சம் வேகமாக இருந்தது.

அன்று இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஓரங்கட்டி வைத்திருந்த இன்னொரு பழைய போர்டில் அதே சிப் இருந்தது. மீட்டரக்கா ஈயத்தை உருக்கி, கால் ஒன்றுகூட வளையாமல் அதை எடுத்து இதில் வைத்தாள். சின்னவள் தன் மீட்டரை முதலில் பாட்டரியில் தொட்டுப் பார்த்தாள், சரியாகக் காட்டியது. பிறகு போர்டில் அளந்தாள். முடித்துவிட்டு மறுபடி பாட்டரியில் தொட்டாள், நடுவில் மீட்டர் செத்துவிடவில்லை என்று தெரிந்துகொள்ள. அறுந்த ரெசிஸ்டரைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அது நிஜமாகவே அறுந்ததா, பக்கத்தில் இருப்பது ஏமாற்றுகிறதா என்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்து உறுதி சொன்னவள் மீட்டரக்கா. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது குண்டு பல்பை நடுவில் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்காவது கோளாறு மிச்சமிருந்தால் பல்பு முழுதாக எரியும்; போர்டு பிழைக்கும். பல்பு ஒரு கணம் சிவந்து அடங்கியது. மெக்கானிக் போர்டைக் கொண்டுபோய் மாட்டி, கூடத்தில் வெட்டும் இயந்திரம் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டதும் மேனேஜர் எட்டிப் பார்த்து, "சபாஷ் சின்னவளே!" என்றார். மீட்டரக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் மேசைக்கு அடியில் அவள் காலை லேசாக மிதித்தாள்.

அதோடு பொறாமை தீர்ந்தது என்று சொல்ல ஆசைதான். தீரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அதை மூடி மறைக்கவில்லை. "உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். "எரியட்டும்க்கா, குளிருக்கு நல்லது" என்பாள் சின்னவள். இரண்டு பேரும் வேலையைப் பார்ப்பார்கள்.

சில வருஷங்கள் கழித்துச் சின்னவளுக்கு மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. மூலை அறை திரும்பவும் மீட்டரக்காவின் தனி ராஜ்யமானது. மெக்கானிக்கின் டீ டம்ளரும் மூட்டுவலியும் அவள் மேசைக்குத் திரும்பின. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் மாடியேறும் முன் சின்னவள் கீழே உட்கார்ந்து புது இடத்தைப் பற்றிச் சொல்வாள்.

"எங்க இடத்துல ஒரு அம்மா இருக்காங்கக்கா. என்ன பொறுமை! என்ன கை! ஈயம் வெச்சாங்கன்னா வெச்ச இடமே தெரியாது."

"ஓஹோ" என்பாள் மீட்டரக்கா.

மறுநாளும் அந்த அம்மா. அதற்கு மறுநாளும் அந்த அம்மாதான். அவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படி அளந்தார். ஒரு காலையில் சின்னவள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொழுந்தன் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மீட்டரக்கா அரைநாள் விடுப்பு எடுத்து, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு, தானே அதைத் தூக்கிக்கொண்டு போனாள். வரவேற்பறையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். உள்ளே வரைக்கும் போனாள்.

கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெண் சின்னவளுக்குப் பக்கத்து மேசையில் குனிந்து ஈயம் வைத்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள். மீட்டரக்கா வணக்கம் சொல்லிவிட்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டி நன்றாகப் பார்த்தாள்.

ஆலைக்குத் திரும்பியதும் மெக்கானிக் கேட்டார். "எப்படி இருக்கா நம்ம சின்னவ?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்றாள் மீட்டரக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "அந்தம்மாதான் ஈயம் கொஞ்சம் அதிகமா வெக்கிறா."